பறக்கிறதா, நிற்கிறதா: லேண்டிங் கியர் சென்சார் தவறாகச் சொல்லும்போது எங்கே தேடுவது

கியர் லீவரின் பூட்டு, கேபின் அழுத்தம், ஸ்டால் எச்சரிக்கை (இறக்கை தூக்குவிசையை இழப்பதைச் சொல்வது), கிரவுண்ட் ஸ்பாய்லர் (தரையிறங்கியதும் இறக்கை மேல் எழும் தடுப்புத் தகடு), ரிவர்ஸர் (இன்ஜின் விசையை முன்னோக்கித் திருப்பி வேகத்தைக் குறைப்பது), புறப்பாட்டு எச்சரிக்கை ஒலி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உணர்கருவிகளின் ஹீட்டர், பறப்பு நேரக் கணக்கு. இத்தனையும் விமானத்தின் கால்களிலிருந்து (லேண்டிங் கியர்) வரும் ஒரே செய்திக்காகக் காத்திருக்கின்றன: விமானம் தரையில் நிற்கிறதா, எழும்பிவிட்டதா? அந்தச் செய்தி பிழைபட்டால், பிழை காலில் தெரியாது. ஹீட்டர் பழுது என்றோ, கேபின் அழுத்தம் ஏறவில்லை என்றோ பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கும். அந்தக் கருவியை மாற்றுவார்கள். சில பறப்புகள் சரியாகப் போகும். பிறகு அதே பிழை வேறொரு கருவியின் பெயரில் திரும்பி வரும்.

ஹாங்கரில் வேலை பழகுபவர்கள், சிறு விமானம் ஓட்டுபவர்கள், பறப்புத் தரவைப் பகுத்துப் பார்ப்பவர்கள் ஆகியோருக்காக இதை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். சென்சார் இடைவெளி, நைட்ரஜன் அழுத்தம், முறுக்கு விசை போன்ற எண்கள் எதையும் இங்கே தரவில்லை. அவற்றை உங்கள் விமானத்தின் பராமரிப்புக் கையேட்டிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். ஒரு வகைக்குரிய எண் இன்னொரு வகைக்குப் பொருந்தாது.

## கை வைப்பதற்கு முன்

கியர் பூட்டு ஊசிகள் எல்லாக் கால்களிலும் போடப்பட்டிருக்கின்றனவா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். இன்னொருவர் சொன்னதை நம்பிச் சக்கர அறைக்குள் தலையை நீட்ட வேண்டாம். சென்சாரைத் தொட்டுச் சோதிக்கும்போது விமானம் திடீரென ஏர் மோடுக்கு (பறப்பதாக நினைக்கும் நிலை) போகலாம். அப்போது ஹீட்டர்கள் சூடேறும், வால்வுகள் அசையும், கதவுகள் நகரக்கூடும். எந்தெந்த சர்க்யூட் பிரேக்கர்களை இழுத்து அட்டை மாட்ட வேண்டும் என்று கையேட்டில் பட்டியல் இருக்கும். அதை முடித்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

தரையில் நிற்கும் விமானத்தில் கியர் லீவரை மேலே தூக்கி, பூட்டு பிடிக்கிறதா என்று சோதிக்கவே கூடாது. நீங்கள் சந்தேகப்படுவதே அந்தப் பூட்டுக்கு வரும் செய்தியைத்தான்.

## முதல் கேள்வி: வேறு எவையெல்லாம் குழம்பியிருக்கின்றன?

பிழை எழுதப்பட்ட கருவியை விட்டுவிட்டு, அதே செய்தியைப் பெறும் மற்றக் கருவிகளைப் பாருங்கள். இந்த ஒரு பழக்கம் பாதி வேலையை முடித்துவிடும்.

ஒரே ஒரு கருவிதான் குழம்பியிருக்கிறது என்றால், சென்சாரில் தேட வேண்டாம். அந்தக் கருவிக்குப் போகும் கம்பி, அதற்கென ஒதுக்கப்பட்ட ரிலேயின் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) தொடுமுனை அல்லது கருவியே காரணமாக இருக்கும். ஒரு கூட்டம் குழம்பி, மற்றொரு கூட்டம் சரியாக இருந்தால் ஒரு ரிலேவையோ ஒரு சேனலையோ (செய்தியைத் தனியாகக் கொண்டுபோகும் மின்வழி) சந்தேகியுங்கள். மின்சுற்றுப் படத்தில் அந்தக் கூட்டம் எங்கே ஒன்றுசேர்கிறது என்று விரலை வைத்துப் பின்னோக்கிப் போனால் இடம் கிடைத்துவிடும். எல்லாமே குழம்பியிருந்தால் காலுக்குப் போங்கள்: ஸ்ட்ரட் (எண்ணெயும் நைட்ரஜனும் நிரம்பிய, அழுந்தி நீளும் கால் தண்டு), டார்கெட் (ஸ்ட்ரட்டோடு நகர்ந்து சென்சாருக்கு நிலையைக் காட்டும் உலோகத் துண்டு), சென்சார், அல்லது அவற்றுக்கு மின்சாரம் தரும் பிரேக்கர்.

## அறிகுறி: எழும்பிய பிறகு கியர் லீவர் மேலே போகவில்லை

லீவர் பூட்டிக்கொண்டிருக்கிறது என்றால் விமானம் இன்னும் தரையில் நிற்பதாக நினைக்கிறது, அல்லது பூட்டைத் திறக்கும் சொலினாய்டு (மின்காந்த இழுப்பான்) வேலை செய்யவில்லை. லீவர் மேலே போய்விட்டது, ஆனால் சக்கரம் மடங்கவில்லை என்பது வேறு பிழை. பெரும்பாலும் யாரோ ஊசியை எடுக்க மறந்திருப்பார்கள். இந்த இரண்டையும் விமானியிடம் கேட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் இரண்டுமே "கியர் மடங்கவில்லை" என்றுதான் எழுதப்பட்டிருக்கும்.

### கேபின் அழுத்தமும் ஏறவில்லை, எச்சரிக்கை ஒலியும் வந்தது

எல்லாம் சேர்ந்து கிரவுண்ட் மோடில் நின்றிருக்கின்றன. செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்குங்கள்.

ஸ்ட்ரட்டின் உயரத்தை அளவெடுங்கள். வெளியே தெரியும் பளபளப்பான குரோம் பகுதியின் நீளத்தையும் நைட்ரஜன் அழுத்தத்தையும் சேர்த்து அட்டவணையில் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்துப் பயனில்லை. அழுத்தம் குறைந்த ஸ்ட்ரட், சக்கரம் தரையை விட்டு எழும்பிய பிறகும் முழுதாக நீளாது. சென்சார் தன் வேலையைச் சரியாகவே செய்து, "கால் இன்னும் மடங்கித்தான் இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டிருக்கும். குளிரில் நைட்ரஜனின் அழுத்தம் இறங்கும். அதனால் வெப்பமான ஊரில் சரியாக நிரப்பிய ஸ்ட்ரட் குளிர்ந்த ஊரில் தாழ்ந்து நிற்கும். எண்ணெய் குறைந்த ஸ்ட்ரட்டில் நைட்ரஜனை ஏற்றி உயரத்தை மட்டும் சரிக்கட்டும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அது தரையிறங்கும்போது காலைப் பலி கொடுக்கும் வேலை. உயரம் சரியாக இருந்தாலும், கடைசியாக எண்ணெய் எப்போது பார்க்கப்பட்டது என்று பதிவேட்டில் தேடுங்கள்.

குரோம் பகுதியைத் துணியால் துடைத்து, விரலால் வட்டமாகத் தடவிப் பாருங்கள். சீல் விளிம்பில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து இறுகிய கறுப்பு வளையம் இருந்தால் கசிவு இருக்கிறது. நீளும்போது ஸ்ட்ரட் அங்கே தயங்கும்.

டிசி-9 விமானங்களில் இந்தச் செய்தி மூக்குச் சக்கர ஸ்ட்ரட்டிலிருந்து வருகிறது. 1996 ஜனவரி 7 அன்று வேல்யூஜெட் நிறுவனத்தின் 558 எண் விமானம் அட்லாண்டாவிலிருந்து நாஷ்வில்லுக்குக் கிளம்பியபோது கியர் மடங்கவில்லை, கேபின் அழுத்தமும் ஏறவில்லை. விமானிகள் கிரவுண்ட் கண்ட்ரோல் ரிலேயின் பிரேக்கர்களை இழுத்துவிட்டுப் பயணத்தைத் தொடர்ந்தார்கள். தரையிறங்கும் கட்டத்தில், ஓடுபாதையைத் தொடுவதற்கு முன்பே அவற்றைத் திரும்பத் தள்ளினார்கள். ஸ்ட்ரட் செய்தி இன்னும் "தரை" என்றே இருந்ததால் காற்றிலேயே கிரவுண்ட் ஸ்பாய்லர்கள் திறந்தன. விமானம் ஓடுபாதைக்கு முன்னால் விழுந்து மோதியது. மறுபடி எழும்பிச் சுற்றி வந்து தரையிறங்கியது. குளிர்காலத்தில் மூக்குச் சக்கர ஸ்ட்ரட்டைப் பராமரிக்கும் முறை அந்த நிறுவனத்தின் கையேடுகளில் இல்லாததையும் விசாரணை அறிக்கை குறிப்பிட்டது. ஒரு ஸ்ட்ரட்டுக்கு நைட்ரஜன் நிரப்பும் வேலையை யாரும் சின்ன வேலை என்று நினைக்காமல் இருக்க இந்த ஒரு நிகழ்வே போதும்.

ஸ்ட்ரட் சரி என்றால், ஸ்க்வாட் சுவிட்சின் (ஸ்ட்ரட் அழுந்துவதை உணரும் சுவிட்ச்) கை வளைந்திருக்கிறதா, டார்கெட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து டார்க் லிங்கின் (ஸ்ட்ரட்டின் மேல், கீழ்ப் பகுதிகளை இணைக்கும் கத்தரிக்கோல் போன்ற இணைப்பு) நடுமூட்டு போல்ட்டும் புஷ்ஷும். கையால் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறது என்றால், ஒவ்வொரு பறப்பிலும் டார்கெட் வேறு இடத்தில் நிற்கிறது. அந்த நிலையில் சென்சார் இடைவெளியைச் சரிசெய்வது வீண். புஷ்ஷை மாற்றிய பிறகுதான் அளவெடுக்க வேண்டும்.

### லீவர் மட்டும் பூட்டிக்கொண்டது, மற்றவை சரி

சொலினாய்டின் பிரேக்கர், அதற்குப் போகும் கம்பி, சொலினாய்டு, ரிலேத் தொடுமுனை என்ற வரிசையில் போங்கள். லீவர் பகுதிக்குள் கொட்டிய காபி காய்ந்து பிசுபிசுத்திருப்பதும் உண்டு.

விமானிகளுக்கு ஒரு சொல். பல விமானங்களில் பூட்டை மீறும் நெம்புகோலோ பொத்தானோ இருக்கிறது. அவசரச் செயல்பட்டியல் சொன்னால் மட்டும் பயன்படுத்துங்கள். பூட்டு பிடித்ததற்குக் காரணம் கால் உண்மையிலேயே முழுதாக நீளாததாக இருக்கலாம். அப்படியானால் மூக்குச் சக்கரம் நேராகத் திரும்பாத நிலையிலேயே அறைக்குள் போய்ச் சிக்கும்.

ஸ்ட்ரட் நிரப்பியும் பிழை திரும்பினால், உரிமம் பெற்ற பொறியாளரே அடுத்து கையெழுத்திட வேண்டும். விமானத்தை ஜாக்கில் ஏற்றிக் கியரை மடித்து விரிக்கும் சோதனை தேவைப்படும்.

## அறிகுறி: நிற்கும் விமானம் பறப்பதாக நினைக்கிறது

தரையில் ஹீட்டர் சூடாகிறது. இன்ஜின் நின்ற பிறகும் நேரக் கணக்கு ஓடுகிறது. காக்பிட் குரல் பதிவை அழிக்கும் பொத்தான் தரையிலும் இயங்க மறுக்கிறது. தரையில் மட்டும் செய்யக்கூடிய சோதனைகளைக் கணினி ஏற்கவில்லை. இவற்றில் ஏதேனும் ஒன்று எழுதப்பட்டிருந்தால், தயவுசெய்து அந்தக் கருவியோடு நின்றுவிடாதீர்கள்.

2008 ஆகஸ்ட் 20 அன்று மாட்ரிட்டில் ஸ்பானேர் நிறுவனத்தின் 5022 எண் விமானம் கிளம்பும் முன், வெளிக்காற்று வெப்பநிலை உணர்கருவி தரையிலேயே சூடேறுவதைக் கண்டு விமானிகள் திரும்பி வந்தார்கள். அந்த எம்டி-82 விமானத்தில் ஹீட்டரின் பிரேக்கரை இழுத்துவிட்டு, அந்த ஹீட்டர் இல்லாமல் பறக்கலாம் என்று அனுப்பினார்கள். விதிப்படி ஹீட்டர் இல்லாமல் பறக்க இடமுண்டு. ஆனால் ஹீட்டரைத் தரையில் அணைத்து வைக்கும் அதே ஆர்2-5 ரிலேதான் புறப்பாட்டு எச்சரிக்கைக்கும் செய்தி கொடுத்தது. எழும்பத் தேவையான தூக்குவிசையைக் கூட்டும் இறக்கைப் பகுதிகளான ஃபிளாப்பும் ஸ்லாட்டும் நீட்டப்படாமலே விமானம் ஓடியது, எச்சரிக்கை ஒலிக்கவில்லை. விமானத்தில் இருந்த 172 பேரில் 154 பேர் இறந்தார்கள். எச்சரிக்கை ஒலிக்காததற்கான காரணத்தை விசாரணையால் உறுதியாக நிறுவ முடியவில்லை. ஆனாலும் அந்த ரிலே மீதான சந்தேகம் அறிக்கையில் விரிவாக இருக்கிறது. ஹீட்டருக்கு எந்தக் குறையும் இல்லை. "வேறு எவையெல்லாம் குழம்பியிருக்கின்றன?" என்ற கேள்வியை நான் முதலில் வைப்பதற்கு இதுவே காரணம். புறப்பாட்டு எச்சரிக்கையைச் சோதிக்கச் சில நிமிடங்கள் போதும்.

### எல்லாம் ஏர் மோடில்

முதலில் ஸ்ட்ரட், ஆனால் இம்முறை எதிர்த்திசையில். நைட்ரஜன் அதிகமாக ஏற்றப்பட்ட ஸ்ட்ரட், பயணிகளும் எரிபொருளும் இல்லாத இலேசான விமானத்தில் முழுதாக நீண்டே நிற்கும். எரிபொருள் நிரப்பியதும் பிழை தானாகப் போய்விட்டது என்று யாராவது சொன்னால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. சீல் இறுகி ஸ்ட்ரட் ஒட்டிக்கொள்வதும் உண்டு; இழுவண்டியால் சற்று நகர்த்தினால் சட்டென்று இறங்கும். அப்படி இறங்கினால் பிழை தீர்ந்தது என்று எழுதாதீர்கள். சீலைப் பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள்.

அடுத்து, பிரேக்கர்கள். பிறகு, முந்தைய வேலையின்போது சென்சார் முன் வைத்த போலி டார்கெட்டை யாராவது எடுக்க மறந்துவிட்டார்களா என்று சக்கர அறையில் பாருங்கள்.

அதன் பிறகு கம்பி. அறுந்த கம்பி எந்த மோடைக் காட்டும் என்பது விமான வகையைப் பொறுத்தது. சிலவற்றில் ஏர், சிலவற்றில் கிரவுண்ட். மின்சுற்றுப் படத்தைப் பார்த்து முதலிலேயே தெரிந்துகொண்டால், அறுந்திருக்குமா, ஒன்றோடொன்று உரசியிருக்குமா என்பதில் பாதித் தேடல் மிச்சமாகும்.

### பிராக்ஸிமிட்டி சென்சார் (தொடாமலே அருகிலுள்ள உலோகத்தை உணர்வது) உள்ள விமானங்களில் ஒரு பிரித்தறியும் சோதனை

சர்க்யூட் பிரேக்கர் ஏற்பாடுகளை முடித்துவிட்டு, கட்டுப்பாட்டுப் பெட்டியின் சோதனைத் திரையில் அந்தச் சென்சாரின் நிலையைத் திறந்து வையுங்கள். ஒருவர் திரையைப் பார்க்கட்டும். நீங்கள் ஒரு சிறு எஃகுத் துண்டைச் சென்சார் முகத்துக்கு மிக அருகே கொண்டுபோய் விலக்குங்கள். "அருகில்", "தொலைவில்" என்று திரை மாறினால் சென்சார், கம்பி, பெட்டி மூன்றும் நலம். குறை டார்கெட்டிலோ இடைவெளியிலோ ஸ்ட்ரட்டிலோ இருக்கிறது. மாறாவிட்டால் ஸ்ட்ரட்டை விட்டுவிட்டு மின்பக்கம் போங்கள்.

இந்தச் சோதனை தரும் இன்னொரு நன்மை பெரியது. இந்தியாவில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் உரிமப் பிரிவுகளில் ஸ்ட்ரட் வேலை பி1 (இயந்திரப் பிரிவு) பொறியாளரிடமும், சென்சாரும் பெட்டியும் பெரும்பாலும் பி2 (மின்னணுப் பிரிவு) பொறியாளரிடமும் போகின்றன. இந்தப் பிழை இருவருக்கும் நடுவில் ஷிஃப்ட் ஷிஃப்ட்டாக அலைவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எஃகுத் துண்டைக் காட்டிய மறுகணமே வேலை யாருடையது என்று முடிவாகிவிடும்.

சென்சார் முகத்தில் கிரீஸோ சேறோ இருந்தால் பதற வேண்டாம். தூண்டல் முறையில் இயங்கும் சென்சாருக்கு அது பொருட்டில்லை. இரும்புத் துகள் ஒட்டியிருந்தால்தான் ஏமாறும். மின்சாரம் இருக்கும்போது இடைவெளியை அளக்க உலோகமல்லாத ஃபீலர் கேஜைப் பயன்படுத்துங்கள்.

பிரேக்கரை இழுத்து அறிகுறியை மறைத்து விமானத்தை அனுப்பலாம் என்ற பேச்சு எழுந்தால் அந்த இடத்தில் நிறுத்துங்கள். குறைந்தபட்சக் கருவிப் பட்டியல் (எவை பழுதாக இருந்தாலும் பறக்கலாம் என்று சொல்வது) அனுமதித்தாலும், காரணம் தெரியாத ஏர்-கிரவுண்டுப் பிழையோடு விமானத்தை விடுவிக்கும் முடிவை உரிமம் பெற்ற பொறியாளர் காரணத்தோடு எடுக்க வேண்டும். அது உதவியாளரின் முடிவு அல்ல.

## அறிகுறி: இரண்டு சேனல்களும் முரண்படுகின்றன

போயிங் 737 என்ஜி வகையில் காலுக்கு 2 வீதம் 6 சென்சார்கள் இந்த வேலையைச் செய்கின்றன. அவை சொல்வதை ஒரு மின்னணுப் பெட்டி தொகுக்கிறது. ஏர்பஸ் ஏ320இல் 2 கட்டுப்பாட்டுப் பெட்டிகள் தனித்தனியாகத் தகவல் பெறுகின்றன. ஒன்று தரை என்கிறது, மற்றது வானம் என்கிறது என்றால் முதலில் விமானம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். சரிவான இடம், ஒரு பக்க டாங்கில் மட்டும் எரிபொருள், ஒரு ஸ்ட்ரட் மட்டும் உயர்ந்து நிற்பது ஆகிய மூன்றுமே எல்லை மதிப்பில் இருக்கும் சென்சாரைப் புரட்டிவிடும்.

அது இல்லையென்றால், முரண்படும் சென்சார் எது என்று பெட்டியின் சோதனைத் திரையே சொல்லும். ஒரே பாக எண் கொண்ட 2 பெட்டிகள் இருந்து, கையேடும் அனுமதித்தால் இடம் மாற்றிப் பாருங்கள். பிழை பெட்டியோடு போனால் பெட்டி. இடத்திலேயே நின்றால் கம்பியும் சென்சாரும். புதுப் பெட்டி வாங்கும் முன் இதைச் செய்யாத இடங்களில் நல்ல பெட்டிகள் "குறை காணப்படவில்லை" என்ற சீட்டோடு பணிமனையிலிருந்து திரும்பி வந்துகொண்டே இருக்கும்.

ஏ320இல் இன்னொரு துப்பு உண்டு. ஒவ்வொரு முறை கியர் மடங்கியதும் கட்டுப்பாடு ஒரு பெட்டியிலிருந்து மற்றதற்கு மாறுகிறது. கியர் இயக்கம் பற்றிய செய்தி ஒரு பறப்பு விட்டு ஒரு பறப்பில் வருகிறது என்றால், எந்தப் பக்கத்தைத் தோண்டுவது என்று பதிவேட்டின் தேதிகளே சொல்லிவிடும்.

## அறிகுறி: விட்டு விட்டு வரும் பிழை

தரையில் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும். மழையில் வரும், விமானத்தைக் கழுவிய மறுநாள் வரும், நீண்ட டாக்ஸிக்கு (விமானம் தரையில் ஊர்ந்து செல்வது) பிறகு வரும். நான் மிக அதிகமாகச் சந்திப்பது இதைத்தான். இதில் பணம் வீணாவதும் மிக அதிகம். ஏனென்றால் எதை மாற்றினாலும் சில நாட்களுக்குச் சரியாகிவிட்டது போலத் தோன்றும்.

காலில் ஓடும் ஹார்னஸ் (கம்பிக் கட்டு) ஒவ்வொரு பறப்பிலும் வளைந்து நிமிர்கிறது. அதனால் ஸ்ட்ரட்டின் அசையும் பகுதியும் அசையாத பகுதியும் சந்திக்கும் வளைவில் தொடங்குங்கள். உறையின் வெளிப்புறம் நன்றாக இருக்கும்; உள்ளே கம்பி இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, மிஞ்சிய சிலவற்றில் செய்தி ஓடிக்கொண்டிருக்கும். கிளாம்ப் இருக்கும் இடங்களில் ரப்பர் தேய்ந்து, உலோக விளிம்பு கம்பியைத் தொட்டிருக்கிறதா என்று சிறு கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பாருங்கள்.

பிறகு கனெக்டர். கழற்றும் முன் அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, கம்பி எந்த வழியாக உள்ளே நுழைகிறது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலப் பிழை ஒன்றில் சென்சாரும் பெட்டியும் மாற்றப்பட்ட பிறகும் விமானம் திரும்பி வந்துகொண்டிருந்தது. கனெக்டரைத் திறந்தபோது உள்ளே கீழ்ப்பக்கத்துப் பின்னில் மட்டும் பச்சைப் பூப்பு. பின்பக்க ரப்பர் சீலில் பயன்படாத துளை ஒன்றில் அடைப்பான் இல்லை. கம்பி மேலிருந்து கனெக்டருக்குள் இறங்கியதால் சக்கரம் வாரியடித்த நீர் அந்தக் கம்பி வழியே வழிந்து துளைக்குள் போயிருந்தது. பின்னை மாற்றி, அடைப்பானைச் செருகி, நீர் கனெக்டருக்குப் போகாமல் கீழே சொட்டும்படி கம்பியைத் தொங்கும் வளைவாகக் கட்டியதோடு பிழை நின்றது. மொத்தச் செலவு ஒரு பின்னும் ஒரு பிளாஸ்டிக் அடைப்பானும்.

கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை என்றால், மல்டிமீட்டரை இணைத்துவிட்டு ஹார்னஸை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கையளவு கையளவாக வளைத்து ஆட்டுங்கள். ஒருவர் மீட்டரிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. அதிலும் கிடைக்காவிட்டால் மெகர் சோதனை (உயர் மின்னழுத்தம் கொடுத்துக் கம்பி உறையின் காப்பைப் பார்ப்பது). அதற்கு முன் இரு முனைகளிலும் சென்சாரையும் பெட்டியையும் கட்டாயம் துண்டித்துவிடுங்கள். மெகரின் மின்னழுத்தம் பெட்டியைக் கொன்றுவிடும்.

சிறு விமானங்களில் கதை எளிது. செஸ்னா 172 ஆர்ஜி வகையில் மூக்குச் சக்கரத்திலும், பைப்பர் ஆரோவில் இடது பிரதானச் சக்கரத்திலும் ஒரு ஸ்க்வாட் சுவிட்ச் இருக்கும். ரப்பர் உறை கிழிந்து நீர் புகுந்த சுவிட்சைத் துடைத்து மீண்டும் போடாதீர்கள்; புதிதாகவே போடுங்கள். விமானத்தின் உரிமையாளரோ விமானியோ உறையைப் பார்க்கலாம், சேற்றைத் துடைக்கலாம், ஸ்ட்ரட் தாழ்ந்திருப்பதைச் சொல்லலாம். சுவிட்சின் இடத்தை மாற்றும் வேலை பொறியாளருடையது.

## அறிகுறி: தரையிறங்கிய பிறகு ஸ்பாய்லரோ ரிவர்ஸரோ தாமதமாகத் திறந்தது

இங்கே முதலில் தரவை வாங்கிப் பாருங்கள். பிழையே இல்லாமல் இருக்கலாம். 1993 செப்டம்பர் 14 அன்று வார்சாவில் லுஃப்தான்சாவின் ஏ320 பக்கக் காற்றுக்காக ஒரு பக்கம் சாய்ந்து, மழைநீர் நின்ற ஓடுபாதையில் இறங்கியது. வலது கால் தொட்டு ஏறக்குறைய 9 நொடிகள் கழித்தே இடது கால் தொட்டது. ரிவர்ஸர் திறக்க இரு பிரதான ஸ்ட்ரட்டுகளும் அழுந்த வேண்டும். ஸ்பாய்லர் திறக்க அதுவோ, இரு பக்கச் சக்கரங்களும் போதிய வேகத்தில் சுழல்வதோ வேண்டும். தேங்கிய நீரின் மேல் சக்கரங்கள் வழுக்கியதால் அந்த இரண்டாவது வழியும் உதவவில்லை. விமானம் ஓடுபாதையைத் தாண்டி மண்மேட்டில் மோதி 2 பேர் இறந்தார்கள். சென்சார்கள் எல்லாம் வடிவமைத்தபடியே நடந்துகொண்டன. ஆகவே ஒரு கால் மட்டும் முதலில் தொட்டதா, மிக மென்மையாக இறங்கியதா, ஓடுபாதையில் நீர் நின்றதா என்று கேட்காமல் சென்சாரை மாற்ற வேண்டாம்.

அது இல்லையென்றால் டயர் அழுத்தத்தைப் பாருங்கள். 2008 செப்டம்பர் 19 அன்று தென் கரோலினாவின் கொலம்பியாவில் ஒரு லியர்ஜெட் 60 விமானத்தின் புறப்பாட்டு ஓட்டத்தில் காற்றுக் குறைந்த டயர்கள் வெடித்தன. பறந்த துண்டுகள் காலில் இருந்த சென்சார் கம்பியைச் சிதைத்தன. விமானம் ஏர் மோடுக்குப் போனது. விமானிகள் நிறுத்த முயன்று ரிவர்ஸரைக் கேட்டபோது ரிவர்ஸர் மடங்கி இன்ஜின் முன்னோக்கித் தள்ளியது. 4 பேர் இறந்தார்கள். டயர் வெடித்த எந்த விமானத்திலும் சக்கரத்தை மாற்றியதோடு நிற்காமல் அந்தக் காலின் கம்பிகளை முழு நீளத்துக்கும் பரிசோதியுங்கள்.

737 என்ஜியில் கிரவுண்ட் ஸ்பாய்லர் மட்டும் தாமதித்தால் மின்பக்கம் நேரத்தைச் செலவிட வேண்டாம். அதன் வால்வை வலது பிரதானக் காலிலிருந்து வரும் ஒரு கேபிள் இயக்குகிறது. வலது ஸ்ட்ரட்டின் அழுத்தத்தையும் கேபிளின் அமைவையும் பாருங்கள். ஸ்பாய்லர், ரிவர்ஸர் தொடர்பான எந்தப் பிழையிலும் முதல் பரிசோதனையோடு காரணம் தெரியாவிட்டால் பொறியாளரின் முடிவு வரும்வரை விமானம் நிற்கட்டும்.

## அறிகுறி: ஜாக்கில் ஏற்றிய வேலை முடிந்ததும் பிழை தொடங்கியது

ஜாக்கில் ஏற்றினால் ஸ்ட்ரட் நீளும். விமானம் ஏர் மோடுக்குப் போகும். இது இயல்பு. வேலை முடிந்த பிறகு பிழை தொடங்கினால், இழுத்த பிரேக்கர் ஒன்று திரும்பத் தள்ளப்படவில்லை, போலி டார்கெட் அகற்றப்படவில்லை, ஸ்ட்ரட் நிரப்பியவர் விமானம் ஜாக்கில் இருக்கும்போதே அளவெடுத்துவிட்டார், டார்க் லிங்கைப் பூட்டும்போது டார்கெட் நகர்ந்துவிட்டது என்ற வரிசையில் பாருங்கள். முதல் இரண்டிலேயே பெரும்பாலும் கிடைத்துவிடும்.

## அறிகுறி: பதிவுத் தரவில் பறப்பு நேரம் பொருந்தவில்லை

பாகங்களின் ஆயுள் பறப்பு மணியாலும் சுழற்சி (ஒருமுறை கிளம்பி இறங்குவது) எண்ணிக்கையாலும் கணக்கிடப்படுகிறது. இல்லாத பறப்பு ஒன்று சேர்ந்தால் பணம் நட்டம். நடந்த பறப்பு ஒன்று விடுபட்டால் ஆயுள் முடிந்த பாகம் விமானத்திலேயே இருக்கும். அதனால் தரவை ஆள்பவர்கள் இதைக் கணக்குப் பிழையாக மட்டும் பார்க்க வேண்டாம்.

### நேரங்கள் தலைகீழாக இருக்கின்றன

தரவில் 1 என்பது வானமா தரையா என்பது விமானத்துக்கு விமானம் வேறுபடும். இன்ஜின் நின்று, வேகம் 0 ஆக இருக்கும் பதிவில் மதிப்பு என்ன என்று பார்த்தால் போதும்.

### கிளம்பிய நேரம் சில நொடி முந்துகிறது, இறங்கிய நேரம் பிந்துகிறது

மூக்குச் சக்கரத்தின் செய்தியை எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது முதலில் எழும்பி, கடைசியில் தரையைத் தொடும். பிரதானக் கால்களுக்கு மாறுங்கள். கிளம்பியதற்கு இரு பிரதானக் கால்களும் "வானம்" என்று சொல்வதையும், இறங்கியதற்கு முதலில் தொட்ட காலையும் எடுங்கள்.

### ஒரே பயணத்தில் இரண்டு மூன்று பறப்புகள்

இறங்கும்போது துள்ளியிருக்கலாம், அல்லது டாக்ஸியில் மேடு பள்ளத்தில் ஸ்ட்ரட் நீண்டிருக்கலாம். நிலை மாறிய மறுநொடியே நம்பாமல், சில நொடி நிலைத்த பிறகு ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் துள்ளலை அழித்துவிடாதீர்கள். கடினமான தரையிறக்கத்தை ஆராய்பவருக்கு அது வேண்டும். தனி நிகழ்வாகக் குறித்து வையுங்கள். தொட்டதும் மறுபடி எழும்பும் பயிற்சிப் பறப்புகளைத் துள்ளலோடு சேர்க்காமல் இருக்க, இடையில் இன்ஜின் விசை ஏறியதா என்று பாருங்கள்.

பல பதிவுகளில் இந்தச் செய்தி நொடிக்கு ஒருமுறைதான் எழுதப்படுகிறது. நொடியின் பின்னத்தில் நடந்த துள்ளல் அதில் தெரியாமலே போகலாம். செங்குத்து முடுக்கம் அதைவிட அடர்த்தியாகப் பதிவாவதால், துள்ளலை அங்கே தேடுங்கள்.

### மாற்றுத் தரவு மறுக்கிறது

காற்று வேகம், தரை வேகம், ரேடியோ உயரமானி மூன்றையும் பக்கத்தில் வையுங்கள். டிரான்ஸ்பாண்டரும் (விமானத்தின் விவரங்களை ரேடாருக்கு அறிவிக்கும் கருவி) ஏறக்குறைய இதையே செய்கிறது: காலின் செய்தி "தரை" என்றாலும், வேகம் மணிக்கு 100 கடல் மைலுக்கு மேலோ ரேடியோ உயரம் 50 அடிக்கு மேலோ இருந்தால் விமானம் பறப்பதாகவே அறிவிக்கிறது. நடக்கும் வேகத்தில் "வானம்", நூற்றுக்கணக்கான அடி உயரத்தில் "தரை" என்று எந்தக் கால் சொன்னாலும் அதற்கு மேல் உங்கள் மென்பொருளில் வடிகட்டியைச் சேர்க்காதீர்கள். வடிகட்டினால் அறிக்கை அழகாக வரும். விமானத்தில் பிழை அப்படியே இருக்கும். எந்தக் கால், எந்தச் சேனல், எத்தனையாவது பறப்பிலிருந்து, வெளி வெப்பநிலை என்ன, மழை இருந்ததா என்ற விவரங்களோடு வரைபடத்தை அன்றைக்கே பராமரிப்புக் குழுவுக்கு அனுப்புங்கள்.